மறு: செவிலியர் பாடத்துக்குக் "கருணைக்கொலை" வேண்டாமே

> "துணையிறப்பு" சுருக்கமாக இருக்கிறதே, ஏன் கூடாது?

ஐயா, நோயாளி தானே கேட்டு மருத்துவ உதவியோடு இறப்பதற்குச் செவிலியர் பாடத்தில் என்ன தமிழ்ச் சொல் என்பதுதானே பேச்சு. "துணையிறப்பு" என்றால் முதல் வாசிப்பில் யாரோ மனைவியை இழந்த செய்திபோல் படுகிறது. இன்னொரு நண்பர் "வடக்கிருத்தல்" என்றார், வடக்கு நோக்கி அமர்ந்து உண்ணாமல் உயிர்விடும் பழைய வழக்கம். அப்படி உயிர்விட்ட கோப்பெருஞ்சோழன் பக்கத்தில் ஊசியோடு யாரும் நிற்கவில்லை; நமக்கு வேண்டியது அப்படி நிற்பவருக்கான பாடம்.

"கருணைக்கொலை"யில் என் சிக்கல், அது எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுவது. தாக்கப்பட்டுப் பல்லாண்டு நினைவின்றிக் கிடந்த மும்பைச் செவிலியர் அருணா ஷான்பாக் வழக்கில் 2011இல் உச்ச நீதிமன்றம் வழிவிட்டது, உயிர்காப்புச் சிகிச்சையை நிறுத்துவதற்கு மட்டும். அதுவும் கடும் நிபந்தனைகளோடு. அவர் வேலைபார்த்த கே.இ.எம். மருத்துவமனைச் செவிலியர்கள் அதற்குக்கூட உடன்படாமல் 2015இல் அவர் இறக்கும்வரை பராமரித்தார்கள். கனடாவில் 2016 முதல் நடப்பது வேறு. நோயாளியே கேட்க வேண்டும், இருவர் தனித்தனியே மதிப்பிட வேண்டும், அப்புறம்தான் உயிரை முடிக்கும் மருந்து. மதிப்பிடுவதையும் மருந்து செலுத்துவதையும் அங்கே நர்ஸ் பிராக்டிஷனரும் (கூடுதலாகப் படித்து, நோயறிந்து மருந்தெழுதும் உரிமை பெற்ற செவிலியர்) செய்யலாம். சாதாரணப் பதிவுபெற்ற செவிலியர் நரம்பில் ஊசிக்குழாய் போட்டுக் கொடுக்கலாம். அந்த மருந்தைச் செலுத்தக் கூடாது. இத்தனைக்கும் ஒரே சொல் என்றால் மாணவிக்கு எல்லையை எப்படிக் காட்டுவது?

என் பரிந்துரை "வேண்டிப்பெறும் இறப்பு". நீளம்தான், ஆனால் யார் கேட்டது என்பது சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. பெற்றோருக்காகப் பிள்ளைகள் கேட்டுக் கொடுக்க கனடாச் சட்டத்தில் இடமில்லை. தமிழர் நிறைய வாழும் கனடாவின் ஸ்காபரோவில் தமிழ் மட்டும் தெரிந்த ஒரு பாட்டி, "கடவுள் என்னை எடுக்கிறாரில்லையே" என்று புலம்புகிறார், மகள் மொழிபெயர்க்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது கோரிக்கையா, வலியா, தனிமையா? நம் வீட்டுக் கிழவிகள் தினமும் சொல்வதுதானே! உடனே படிவம் எடுப்பதும் தப்பு, காதில் வாங்காமல் போவதும் தப்பு. மகளை விட்டு வேறொரு மொழிபெயர்ப்பாளரை வைத்து, பாட்டியிடமே பொறுமையாகக் கேட்க வேண்டும். பாடத்தில் அதிகப் பக்கம் இதற்குத்தான் போக வேண்டும் என்பேன்.

மற்றவை சுருக்கமாக. சிகிச்சையை நிறுத்துவதற்குச் "சிகிச்சை நிறுத்தம்" போதும். கடைசி நாள்களில் வேதனை தெரியாமல் உறங்க வைப்பதற்குத் "தணிப்பு மயக்கம்". "தர்மசங்கடம்" பொருளளவில் கச்சிதம், ஆனால் இன்று கடன் கேட்டு வந்தவரைப் பார்த்து நெளிவதற்கும் அதுதான், "அறச்சிக்கல்" இருக்கட்டும். சரியானது எதுவென்று தெரிந்தும் நிறுவனம் செய்யவிடாதபோது செவிலியர் படும் பாட்டை 1984இல் அறவியலாளர் ஆண்ட்ரூ ஜேமிட்டன் தனியாகப் பிரித்துக் காட்டினார். அதற்கு "அற உளைச்சல்".

> "மனச்சான்று மறுப்பு" கடுமையாக இருக்கிறது, "விலகல்" எனலாமா?

"மறுப்பு" என்றே விடலாம். மனம் ஒப்பாத செவிலியர் அந்த ஒரு செயலைத்தான் மறுக்கிறார். மாற்று ஆள் வரும்வரை மற்றப் பணிவிடை அவர் கையில்தான். "விலகல்" என்றால் நோயாளியையே விட்டுப் போனதாகிவிடும்.

நர்ஸ் பிராக்டிஷனருக்குத்தான் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. "செவிலிய மருத்துவர்" என்றால் இரு தரப்பும் சண்டைக்கு வரும். யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.