தண்ணீர்ப் பரிசோதனை வேலையில் யாராவது இருக்கீங்களா?

வணக்கம். கடலூர் முதுநகரிலிருந்து எழுதுகிறேன். பி.எஸ்சி. வேதியியல் கடைசி வருடம். வகுப்பில் பாதிப் பேர் குரூப் 4 படிக்கிறார்கள், மீதிப் பேருக்கு சிப்காட்டில் எந்த கம்பெனி கூப்பிட்டாலும் சரி. அப்பாவும் அதையேதான் சொல்கிறார். வீட்டு நிலைமைக்கு அது தப்பும் இல்லை.

எனக்கு ஆசை தண்ணீர்ப் பரிசோதனையில். லேபில் நீரின் கடினத்தன்மை (கால்சியம், மெக்னீசியம் உப்பு எவ்வளவு என்று) பார்க்கும்போது, நிறங்காட்டி சேர்த்ததால் ஒயின் சிவப்பில் இருக்கும் நீர், ஈடிடிஏ என்ற ரசாயனக் கரைசல் சொட்டுச் சொட்டாக விழ விழ, சட்டென்று நீலமாகும். எங்கள் தெரு போர் தண்ணீரைக் கொண்டுபோய்ப் பார்த்தேன். ஈடிடிஏ ஊற்றிய ப்யூரெட் குழாய் காலியாகிக்கொண்டே போகிறது, நிறம் மாறுவேனா என்கிறது! அவ்வளவு கடின நீர். பருப்பு வேகவில்லை என்று அம்மா ஏன் புலம்புகிறார் என்று அப்போதுதான் புரிந்தது.

குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்திலோ, என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கான தேசிய வாரியம்) அங்கீகாரம் உள்ள தனியார் லேபிலோ இருக்கும் அண்ணன், அக்கா யாராவது சொல்லுங்கள். வெறும் பி.எஸ்சி.யோடு எடுப்பார்களா, எம்.எஸ்சி. முடித்துவிட்டுத்தான் போகணுமா? அப்ரெண்டிஸ் அனுபவத்துக்கு மதிப்பு உண்டா? கெமிக்கல் கம்பெனி க்யூசியில் (தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில்) நைட் ஷிஃப்ட் பார்த்துவிட்டு அப்புறம் இந்தப் பக்கம் வந்தவர்கள் இருந்தால், அவர்கள் பதில்தான் எனக்கு ரொம்ப முக்கியம். புதுச்சேரி என்றாலும் பரவாயில்லை, தினமும் பஸ்ஸில் போய்வந்துவிடுவேன்.