"ஜஸ்ட் நவ்" என்றால் எப்போது? டர்பனில் பட்ட அனுபவம்

திருநெல்வேலியிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்கு வேலைக்கு வந்து மூன்று வருஷம் ஆகிறது. முதல் வருஷம் அம்மாவும் வந்திருந்தார். புனித வெள்ளியன்று மவுண்ட் எட்ஜ்கோம் மாரியம்மன் கோயிலுக்குப் போக ஆசைப்பட்டார். (இங்கே மாரியம்மனுக்குப் பெருங்கூட்டம் கூடுவது அன்றுதான். கரும்புத் தோட்டத்தில் உழைத்தவர்களுக்கு அன்று லீவு கிடைத்ததால் வந்த வழக்கம் என்பார்கள்.) பக்கத்து வீட்டு அக்கா காரில் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தார். காலையில் போன் செய்து, "ஐ வில் ஃபெட்ச் யூ ஜஸ்ட் நவ்" என்றார். நம் ஊர் ஆபீசில் "ஜஸ்ட் நவ் அனுப்புறேன்" என்றால் அந்த நிமிஷமே அல்லவா? விரதத்தில் இருந்த அம்மாவை, மூட்டுவலியோடு, கேட்டுக்கு வெளியே கொண்டுவந்து நிறுத்திவிட்டேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் வெயிலில் நின்றார். அக்கா சிரித்த முகமாக வந்தார். வழி முழுக்க நான் அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. இங்கே "ஜஸ்ட் நவ்" என்றால் "அப்புறமா" என்று பொருள் என்பது தெரியவே ஆறு மாசம் ஆனது. உங்களுக்கும் இப்படி ஆகியிருக்கிறதா?

டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியிலிருந்து:
இங்கேயே பிறந்து வளர்ந்தவள் நான். "நவ் நவ்" என்றால் கொஞ்ச நேரத்தில். "ஜஸ்ட் நவ்" அதைவிடத் தள்ளி, சாயங்காலம்கூட ஆகலாம். இங்கே பேசப்படும், டச்சு வழி வந்த ஆஃப்ரிகான்ஸ் மொழியில் உள்ள நௌ-நௌ, நெட்நௌ என்ற சொற்களின் சாயல் இது. நெட்நௌ சற்றுமுன் நடந்ததற்கும் வரும், இனி நடக்கப்போவதற்கும் வரும். அதனால் வினையைக் கவனியுங்கள். "ஐ சா ஹிம் ஜஸ்ட் நவ்" என்றால் இங்கேயும் இப்பத்தான் பார்த்தேன் என்றே அர்த்தம். "வில்" சேர்ந்தால்தான் தள்ளிப்போகும். எங்கள் ஆயா அடுப்படியிலிருந்து "இந்தா வந்துட்டேன்" என்று குரல் கொடுப்பார். சொல்வது வந்துட்டேன், வருவதோ கறியை இறக்கிவைத்த பிறகு. ஆயா பொய் சொன்னார் என்று யாரும் நினைத்ததே இல்லை.

டர்பனின் பீனிக்ஸ் பகுதியிலிருந்து:
நான் மருந்துக்கடையில் வேலை செய்கிறேன். இந்தியாவிலிருந்து புதிதாக வந்த ஒருவரிடம், சாப்பிட்ட பிறகு போட வேண்டிய மாத்திரையை "டேக் இட் ஜஸ்ட் நவ்" என்று கொடுத்துவிட்டேன். அங்கேயே தண்ணீர் கேட்டு வாங்கி, வெறும் வயிற்றில் விழுங்கிவிட்டார். அன்றிலிருந்து மணியைச் சொல்லித்தான் மருந்து கொடுக்கிறேன்.

முதலில் எழுதியவர்:
இதையெல்லாம் படித்ததும் மனசு கேட்கவில்லை. அக்கா வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "அதுக்கா தம்பி அன்னைக்குப் பேசாம வந்தே? அம்மாவுக்குத்தான் உடம்பு முடியலையோன்னு நான் கோயில்ல வேண்டிக்கிட்டேன்" என்றார்.