கிங்ஸ்டன் பெயரில் கல் எங்கே இருக்கிறது?

ஹாக்ஸ்மில்வாசி:
சனிக்கிழமை நம் பிள்ளைகளை லண்டன் பக்கத்தில் தேம்ஸ் கரையில் இருக்கும் நம் கிங்ஸ்டன் ஊரைச் சுற்றிக் காட்டக் கூட்டிப்போனார்கள். என் மகளும் போனாள். திரும்பி வந்தவள், "அப்பா, கிங்ஸ்டன்னா கிங்ஸ் ஸ்டோன், ராஜாவோட கல். ஏழு ராஜாக்கள் அதுமேல உட்கார்ந்து முடிசூடினாங்க" என்கிறாள். யார் சொன்னது என்று கேட்டால் "தாடி வச்ச மாமா" என்றாள். அவர் யாரென்று இங்கே எல்லோருக்கும் தெரியும்.

பிள்ளைகளுக்குச் சொல்லும்போது சரியாகச் சொல்ல வேண்டாமா? 838இல் எக்பர்ட் அரசர் இங்கே பெரிய சபை கூட்டினார். அந்த ஆவணத்திலேயே ஊரின் பெயர் இருக்கிறது: 'கினிங்கஸ் டூன்'. கினிங் என்றால் அரசன், டூன் என்றால் பண்ணை, குடியிருப்பு. நடுவில் வரும் 'ஸ்' அரசனுக்கு உரியது, நாம் 'அரசனுடைய' என்று சொல்வதுபோல. கல்லுக்கு அன்றைய சொல் 'ஸ்டான்'. அது இந்தப் பெயரில் இல்லை.

ரிச்மண்ட்ரோட்டார்:
தாடி வைத்த மாமா நான்தான். என்னைக் குறிப்பிட்டே எழுதியிருக்கலாம், ஒளித்துப் பேசத் தேவையில்லை.

நான் இந்த ஊருக்கு 1984இல் வந்தவன். நீர் வந்து எத்தனை வருஷம்? நகர மண்டபமான கில்ட்ஹாலுக்குப் பக்கத்தில் கம்பிவேலிக்குள் அந்தக் கல் இருக்கிறது, ஒரு தடவை போய்ப் பாரும். பீடத்தைச் சுற்றி ஏழு ராஜாக்களின் பெயர் வெட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு பெயரோடும் அந்த ராஜா காலத்து நாணயம் ஒன்று பதித்திருக்கிறது. இவ்வளவும் செய்து வைத்தவர்கள் விசரர்களா? புத்தகத்தில் ஒரு வரி வாசித்துவிட்டு வந்து ஊர்ப் பெரியவர்களைப் பிழை பிடிக்கிறீர்.

ஹாக்ஸ்மில்வாசி:
ஐயா, அந்தப் பீடமும் கம்பிவேலியும் 1850இல் வைத்தவை. முடிசூட்டு நடந்தது பத்தாம் நூற்றாண்டில். இடையில் தொள்ளாயிரம் வருஷம். அதற்கு முன்பு அந்தக் கல் சந்தைப் பக்கம் குதிரை ஏறும் படியாகக் கிடந்தது. 1850இல் ஊரார் தூக்கி நிறுத்திப் பெயர் வெட்டினார்கள். இப்போதுள்ள இடத்துக்கு வந்ததே 1936இல்தான்.

ஏழு பேர் கணக்கையும் பார்ப்போம். முடிசூடிய ஆண்டோடு சொன்னால், ஏதெல்ஸ்டன் 925, ஈட்ரெட் 946, ஏதெல்ரெட் 979. இந்த மூவருக்குத்தான் அந்தக் காலத்தை ஒட்டிய எழுத்துச் சான்று இருக்கிறது. மற்றவர்களுக்குப் பின்னால் வந்தவர்களின் எழுத்தும் ஊகமும்தான். அந்த மூன்றிலும் கல் என்ற பேச்சே இல்லை. ஊரின் பெயரிலும் இல்லை. அந்த 'ஸ்' அரசனுடையது.

மலர்_டால்வொர்த்:
என் பையனுக்குக் கல்லைவிடப் பிடித்தது எஸ்தர் ஹாமர்ட்டன் கதைதான். ஐயா அதை அழகாகச் சொன்னாராம். 1730இல் புனித மேரி சிற்றாலயத்துக்குப் பக்கத்தில் புதைகுழி தோண்டும்போது கட்டடம் சரிந்து விழுந்தது. குழி வெட்டிய அப்பா இறந்துபோனார், மகள் எஸ்தரை இடிபாட்டிலிருந்து உயிரோடு எடுத்தார்கள். அப்புறம் அப்பா பார்த்த அதே வேலையை அவள் எடுத்துச் செய்தாள். அந்தக் காலத்தில் ஒரு பெண் புதைகுழி வெட்டினாள் என்றால் சும்மாவா! இதையும் கொஞ்சம் பேசுங்களேன்.

ரிச்மண்ட்ரோட்டார்:
நன்றி தங்கச்சி. அந்த ஆலயத்தில்தான் அந்தக் கல் இருந்தது. ராஜாக்களின் படங்களும் அங்கே இருந்தன. ஏழு ராஜாக்களோடு சம்பந்தமில்லாத கல்லை ஆலயத்துக்குள் ஏன் வைக்க வேண்டும்? இதற்கு மட்டும் பதில் சொல்லட்டும் பார்ப்போம்.

ஹாக்ஸ்மில்வாசி:
எஸ்தர் கதை உண்மை, நல்ல கதை. ஆனால் ஆலயம் இடிந்தால் கல் சிம்மாசனம் ஆகிவிடாது. இடிபாட்டில் கிடந்த கல் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்காதீர்கள். 838 ஆவணத்துக்கு இன்னும் நீங்கள் ஒரு வார்த்தை பதில் சொல்லவில்லை. கினிங்கஸ் டூன்.

ரிச்மண்ட்ரோட்டார்:
முதலில் ஊர்ப் பெயரை ஒழுங்காக எழுதும். இலங்கைக்காரர் நாங்கள் 'கிங்ஸ்ரன்' என்றுதான் எழுதுவோம். போன வருஷப் பொங்கல் மலரில் என் கட்டுரையில் இருந்த 'ர' எல்லாவற்றையும் 'ட' ஆக்கியது யார் என்று எனக்குத் தெரியும். அப்போது பேசாமல் இருந்தேன்.

ஹாக்ஸ்மில்வாசி:
அந்த மலரில் எழுத்து சீராக இருக்க வேண்டும் என்று எல்லோரும் சேர்ந்து எடுத்த முடிவு அது. 'கிங்ஸ்ரன்' என்று எழுதினால் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் எப்படி வாசிப்பார்கள்?

ரிச்மண்ட்ரோட்டார்:
நாங்கள் உங்கள் 'ட'வை இத்தனை வருஷம் வாசிக்கவில்லையா?

சர்பிட்டன்_செல்வி:
கல், கல் என்று இரண்டு பேரும் மண்டையை உடைக்கிறீர்கள். கிங்ஸ்டன்காரர்களுக்கு எப்போதும் தற்பெருமை. ராஜா ஊர் என்று சொல்லிக்கொண்டு ரயிலைக் கோட்டை விட்டார்கள். 1838இல் ரயில் பக்கத்து ஊரான எங்கள் சர்பிட்டன் பக்கம்தான் வந்தது. எங்கள் நிலையத்துக்கே அன்று 'கிங்ஸ்டன்' என்று பெயர். உங்கள் ஊருக்குள் ரயில் வர 1863 ஆனது. குதிரை வண்டி ஓட்டிப் பிழைத்தவர்கள் வேண்டாம் என்றார்கள்.

ஹாக்ஸ்மில்வாசி:
செல்வி அக்கா, எதிர்த்தது வண்டிக்காரர்கள் மட்டும் இல்லை, நிலம் வைத்திருந்தவர்களும்தான். ரயிலைப் பற்றித் தனியாகப் பேசலாம். 1729இல் பட்னி பாலம் வரும்வரை லண்டன் பாலத்தைத் தாண்டி ஆற்றின் மேல்பக்கத்தில் தேம்ஸைக் கடக்க முதல் பாலம் கிங்ஸ்டனில்தான் இருந்தது. ஊரின் பெருமை அதில் இருக்கிறது. ஆற்றைக் கடக்க இடம், பக்கத்தில் அரசனின் பண்ணை, அதனால் சபை, அதனால் முடிசூட்டு. இதில் கல்லுக்கு என்ன வேலை?

சர்பிட்டன்_செல்வி:
தனியாகப் பேசலாமாம். உங்கள் ஊருக்கு வலிக்கிற இடம் வந்தால் மட்டும் தனியாகப் பேச வேண்டும்.

ரிச்மண்ட்ரோட்டார்:
பெருமை என்றால் என்ன என்று நான் சொல்கிறேன். ரிச்மண்ட் ரோட் விமானத் தொழிற்சாலையில் 1992இல் மூடும்வரை வேலை செய்தேன். ஹாரியர் போர் விமானத்தின் உடலை இங்கே கட்டி, இறக்கை இல்லாமல் லொறியில் ஏற்றி டன்ஸ்ஃபோல்டு விமானத்தளத்துக்கு அனுப்புவோம். விடியக்காலையில் வாசலில் நின்று பார்ப்போம், தார்ப்பாய் போட்டு மூடி, பிரேதம் போவதுபோல மெல்லப் போகும். அதே லொறி திரும்பி வெறுமையாக வரும்போது வயிற்றைப் பிசையும். கடைசி நாள் வேலை முடிந்து நடந்துபோய் அந்தக் கல்லுக்கு முன்னால் நின்றேன். கம்பிக்கு இடையால் கை நீட்டித் தொட்டுப் பார்த்தேன். சொரசொரவென்று, மழை ஈரத்தோடு இருந்தது. ஆயிரம் வருஷம் இருந்தது, இனியும் இருக்கும் என்று நினைத்தேன். அதை நீர் குதிரை ஏறும் படி என்கிறீர்.

மலர்_டால்வொர்த்:
ஐயா, படிக்கும்போது மனசு கனத்துப்போனது.

ஹாக்ஸ்மில்வாசி:
ஐயா, உங்கள் வேலையை, அந்தத் தொழிற்சாலையை நான் ஒரு நாளும் குறைத்துச் சொன்னதில்லை. ஹரிகேன் போர் விமானத்தை வடிவமைத்ததே இந்த ஊரில்தான், அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். ஒரு மணி நேரம் சொல்லுங்கள், நானும் நின்று கேட்கிறேன். நீங்கள் தொட்ட கல் பழைய கல்தான், அதையும் மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் அழுததால் ஊரின் பெயர் மாறாது. 'ஸ்' அரசனுடையது. 'டன்' குடியிருப்பு. என் மகள் பள்ளிக்கூடத்தில் போய்க் கல் என்று எழுதினால் தப்பு என்று கோடு போடுவார்கள்.

ரிச்மண்ட்ரோட்டார்:
நான் அழவில்லை. அழுதேன் என்று எழுதினேனா? மேலே போய் வாசியும்.

சர்பிட்டன்_செல்வி:
'வயிற்றைப் பிசையும்' என்றுதான் எழுதியிருக்கிறார், அழுதேன் என்று எழுதவில்லை. சொல்லாததைச் சொன்னதாக எழுதுவது உங்களுக்குப் பழக்கம்தானே, ஹாக்ஸ்மில். பொங்கல் மலரிலும் அதைத்தான் செய்தீர்கள்.

ஹாக்ஸ்மில்வாசி:
மறுபடியும் பொங்கல் மலரா? 838க்கு யாராவது பதில் சொல்லுங்கள். ஒருவர்கூடச் சொல்லவில்லை.

ரிச்மண்ட்ரோட்டார்:
வாற சனிக்கிழமை பத்து மணிக்கு இரண்டாவது குழுவைக் கூட்டிப்போகிறேன். கல்லடியில் இருந்துதான் தொடங்குவேன், ஏழு பெயரையும் வாசிப்பேன். உம்முடைய மகளை அனுப்பும். நீர் வர வேண்டாம்.

ஹாக்ஸ்மில்வாசி:
வருவேன்.