கலைச்சொல்: ‘தலைகீழ் வகுப்பறை’க்குப் பதில் ‘முன்பயில் வகுப்பு’ சரிவருமா?

> மூலச்சொல்லிலேயே திருப்புதல் இருப்பதால் ‘தலைகீழ் வகுப்பறை’ என்றே வைத்துக்கொள்ளலாம்.

வணக்கம் ஐயா. மாணவர்கள் பாடத்தை வீட்டிலேயே காணொளியில் பார்த்துவிட்டு வந்து வகுப்பில் பயிற்சி செய்யும் ‘flipped classroom’ முறைக்கு, மேலே உள்ளபடி ‘தலைகீழ் வகுப்பறை’ என்றே வைத்துக்கொள்ளலாம் என்கிறீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

நான் கல்லூரியில் மரபியல் நடத்துகிறேன். குரோமோசோமின் ஒரு துண்டு அறுந்து, திரும்பி, அதே இடத்தில் ஒட்டிக்கொள்வதை நாங்கள் ‘தலைகீழ் திருப்பம்’ என்கிறோம். அந்தப் பாடத்தையே ‘தலைகீழ் வகுப்பறை’யில் நடத்தினால் குழப்பம்தான். இங்கே முன்பு வந்த ‘புரட்டு வகுப்பு’ இன்னும் மோசம்; புரட்டு என்றாலே ஏமாற்று என்றுதான் காதில் விழுகிறது.

ஆனால் என் பெரிய மறுப்பு வேறு. திருப்பிப் போடுவது இந்த முறையின் உயிர் இல்லை. 2007இல் கொலராடோவில் பெர்க்மன், சாம்ஸ் என்ற வேதியியல் ஆசிரியர்கள் பாடங்களைக் காணொளியாகப் பதியத் தொடங்கியபோது அந்தத் திருப்பம் புதுமையாக இருந்தது, பெயரும் அதன்மேல் ஒட்டிக்கொண்டது. 2015இல் ஜென்சன் என்ற ஆய்வாளரின் குழுவினர் பல்கலைக்கழக உயிரியல் வகுப்பிலேயே ஒப்பிட்டார்கள். இரண்டு பிரிவிலும் மாணவர்கள் தாங்களே செய்து கற்றார்கள். ஒரு பிரிவை மட்டும் திருப்பினார்கள். கற்றலில் வேறுபாடு இல்லை. பயன் தந்தது மாணவர்கள் செய்த வேலை. அதற்குச் ‘செயல்வழிக் கற்றல்’ என்ற பெயர் ஏற்கெனவே உண்டு. அந்த வேலைக்கு வகுப்பில் நேரம் எப்படிக் கிடைக்கிறது என்பதைத்தான் நம் சொல் சொல்ல வேண்டும்.

மியாசிஸ் (இனப்பெருக்க செல்களை உண்டாக்கும் செல்பிரிவு) காணொளியை முந்தின நாளே பார்த்துவரச் சொல்லியிருந்தேன். வகுப்பில் சிவப்பு, நீல நூல் துண்டுகளைக் கொடுத்து, அதன் முதல் செல்பிரிவின் மெட்டாஃபேஸை, அதாவது குரோமோசோம்கள் செல்லின் நடுவில் அணிவகுக்கும் கட்டத்தை, மேசைமேல் அடுக்கச் சொன்னேன். “புரிஞ்சிடுச்சு மேடம்” என்ற மாணவி ஒத்த குரோமோசோம்களை (தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக வருபவை) ஜோடி சேர்க்காமல் ஒற்றை வரிசையாக வைத்தாள். அது மைட்டாசிஸ், சாதாரண உடல் செல்களின் பிரிவு! பக்கத்துப் பையன் நூலை நகர்த்த, இருவருக்கும் வாதம். அப்புறம், ஒரு ஜோடி பிரியாமல் போனால் என்ன ஆகும் என்று அவர்களே கேட்டுக்கொண்டார்கள். கடைசியில் உண்டாகும் நான்கு செல்களில் இரண்டில் ஒரு குரோமோசோம் கூடும், மற்ற இரண்டில் ஒன்று குறையும் என்று நூலை வைத்தே கண்டுபிடித்தார்கள். நான் முழு நேரமும் விரிவுரை நடத்தியிருந்தால் அந்தத் தவறு எனக்கு விடைத்தாளில்தான் தெரிந்திருக்கும்.

அந்த அரை மணி நேரம், அவர்கள் முன்னதாகப் பயின்று வந்ததால் கிடைத்தது. ஆகவே ‘முன்பயில் வகுப்பு’. ‘முன்பயில் காணொளி’, ‘முன்பயில் வினா’ என்று கிளைக்கவும் வசதி. ‘முன்கற்றல்’ என்றால் மாணவர் ஏற்கெனவே அறிந்திருப்பதாகப் படுகிறது. ‘வகுப்பறை’யும் வேண்டாம், மாறுவது அறை இல்லையே.

வேறு துறைகளில் நடத்துகிறவர்கள் உங்கள் பாடக்குறிப்பில் ஒரு வாக்கியத்தில் வைத்துப் பார்த்துச் சொல்லுங்கள். எங்கே இடறுகிறது?