மைஎஸ்கியூஎல்லில் எல்லாக் கடைக்கும் தூரம் 222 கி.மீ. என்று வருவது ஏன்?

அல்சூர்வாசி:
வணக்கம். பெங்களூரில் இட்லி மாவை வீடுவீடாகக் கொண்டுசேர்க்கும் சிறு நிறுவனம் ஒன்றிற்காக, வாடிக்கையாளரின் வீட்டிலிருந்து 5 கி.மீ.க்குள் இருக்கும் கடைகளை எடுத்துத்தரும் வினவல் ஒன்றை எழுதினேன். அட்சரேகை வித்தியாசம், தீர்க்கரேகை வித்தியாசம் இரண்டையும் ^ குறியால் வர்க்கமாக்கிக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, பாகைக்கு 111 கி.மீ. என்று பெருக்குகிறேன். என் மடிக்கணினியில் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் சரியாக ஓடிய இதே வினவல், நிறுவனத்தின் மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் தெருமுனைக் கடைக்கும் ஜெயநகர்க் கடைக்கும் ஒன்றுபோல 222 என்று காட்டுகிறது, பிழைச்செய்தியும் வரவில்லை. வர்க்கமூலச் சார்பில் கோளாறா?

மல்லேஸ்வரத்துக்காரர்:
வர்க்கமூலத்தின் மேல் குற்றமில்லை. போஸ்ட்கிரெஸ்ஸில் ^ என்பது அடுக்கு. மைஎஸ்கியூஎல்லிலோ அது இரும எண்களை பிட் பிட்டாக ஒப்பிட்டு, வேறுபடும் இடத்தில் 1, ஒத்த இடத்தில் 0 தரும் எக்ஸார் குறி. அங்கே 5^2 என்று கேட்டுப்பாருங்கள், 25 வராது, 7 வரும். இந்தக் குறி பின்னங்களை முதலில் முழு எண்ணாக்கிவிடுவதால், ஊருக்குள் இருக்கும் எந்தக் கடைக்கும் 0.03 போன்ற வித்தியாசம் 0 ஆகிவிடுகிறது. 0^2 என்பது 2. இரண்டையும் கூட்டினால் 4, அதன் வர்க்கமூலம் 2, அதை 111 ஆல் பெருக்கினால் உங்கள் 222. (அவ்வளவு தூரம் என்றால் மைசூரையும் தாண்டிவிடும், மாவு வழியிலேயே புளித்திருக்கும்.) வித்தியாசத்தை அதனாலேயே பெருக்குங்கள், அல்லது அடுக்கைக் கணக்கிடும் பவர் சார்பைப் பயன்படுத்துங்கள், இரண்டு தரவுத்தளங்களிலும் ஒரே விடை கிடைக்கும்.

இன்னொன்று: 111 என்பது அட்சரேகைக்குத்தான் பொருந்தும். பெங்களூர் ஏறக்குறைய 13 பாகை வடக்கில் இருப்பதால், இங்கே தீர்க்கரேகைப் பாகை ஒன்று சுமார் 108.5 கி.மீ.தான். ஆகவே கடைசியில் மொத்தமாகப் பெருக்காமல், வர்க்கமாக்கும் முன்பே தனித்தனியாகப் பெருக்கிவிடுங்கள்.

கணக்குப்பிள்ளை:
மேலே சொன்னது சரி. ஆனால் 5 கி.மீ.க்குள் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பதற்கு வர்க்கமூலமே தேவையில்லை; வர்க்கங்களின் கூட்டுத்தொகை 25ஐத் தாண்டவில்லையா என்று பார்த்தால் போதும், அருகிலிருந்து தொலைவுக்கு வரிசைப்படுத்தினாலும் வரிசை மாறாது. உண்மையில் நேரத்தை விழுங்குவது வர்க்கமூலம் அன்று. நெடுவரிசையைக் கணக்கிற்குள் பூட்டிவிட்டால் வேகமாகத் தேட உதவும் இன்டெக்ஸ் பயன்படாமல் போய், அட்டவணையிலுள்ள ஒவ்வொரு வரிசையையும் படிக்க நேர்வதுதான். ஆகவே அட்சரேகை 0.046, தீர்க்கரேகை 0.047 பாகைக்குள் இருக்கும் கடைகளை முதலில் பிட்வீன் (இரு எல்லைகளுக்கு இடையே உள்ளதா என்று பார்க்கும் நிபந்தனை) கொண்டு வடிகட்டிவிட்டு, மிஞ்சுகிறவற்றுக்கு மட்டும் தூரம் கணக்கிடுங்கள். திரையில் காட்ட வேண்டிய தூரத்திற்கு மட்டும் வர்க்கமூலம் எடுத்தால் போதும்.

அல்சூர்வாசி:
இருவருக்கும் நன்றி, பெருக்கலாக மாற்றியதும் தூரங்கள் சரியாக வருகின்றன. ஒரு சந்தேகம் மட்டும் மீதமிருக்கிறது. முதலில் மடிக்கணினியில் பவர் சார்புக்கு 1/2 என்று அடுக்குக் கொடுத்துத்தான் வர்க்கமூலம் எடுக்கப் பார்த்தேன்; எந்த எண்ணைக் கொடுத்தாலும் 1 வந்ததால் கைவிட்டேன். அதுவும் இதே வகைச் சிக்கலா?

மல்லேஸ்வரத்துக்காரர்:
அது நேர்மாறானது. போஸ்ட்கிரெஸ்ஸில் முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் ஈவு மட்டுமே மிஞ்சும். 1/2 என்பது 0, எதன் பூஜ்ய அடுக்கும் 1. மைஎஸ்கியூஎல்லில் அதுவே 0.5 ஆகிச் சரியாக வந்திருக்கும். 0.5 என்றே எழுதிவிடுங்கள்.