ஆப்பிள் மரத்துக்கு 'வளர்வாகு' சரியாக வரும்

நண்பர்களே,

மரம் இயல்பாக வளரும் விதத்தைக் குறிக்கும் 'growth habit' என்பதற்கு நம் சொற்பட்டியலில் 'வளர்ச்சிப் பழக்கம்' வேண்டாமே. பழக்கம் என்றால் பழகி வருவது, முயன்றால் விட்டுவிடலாம். ஆப்பிளில் புது ரகம் உருவாக்குபவர்கள் பேசுவதோ பிறவியிலேயே வருவதைப் பற்றி. 'வளரியல்பு' நல்ல சொல், ஆனால் நம் தாவரவியல் பாடநூல்களில் அது செடி, புதர், மரம், கொடி என்று பிரிக்கப் பயன்பட்டுவிட்டது. இங்கே எல்லாமே மரம், ஒரே இனத்து மரம். அதற்குள்ளேயே ஒன்று குத்தென நிற்கிறது, இன்னொன்று விரிந்து படர்கிறது. அந்த வேறுபாட்டுக்குத்தான் சொல் தேடுகிறோம். என் பரிந்துரை 'வளர்வாகு'. 'அந்தக் குடும்பத்துக்கே ஒல்லியான உடல்வாகு' என்கிறோமே, அதே வாகு.

'மரவடிவம்' போதாதா என்று கேட்டிருந்தீர்கள். போதாது. வடிவத்தைக் கவாத்துக் கத்தரியாலும் கொண்டுவரலாம், சுவரோரம் கட்டி வளர்த்தும் கொண்டுவரலாம். எம்9 போன்ற வேர்ச்செடியில் (ஒட்டுக்கு அடியில் வேராக நிற்கும் செடி) ஒட்டினால் மரம் குட்டையாகிறது, ஆனால் அதன் பழத்து விதையைப் போட்டால் அந்தக் குட்டைத்தனம் சேர்ந்து வராது. பிறவி வாகு அப்படியில்லை, ஒரு உதாரணம் சொல்கிறேன்.

கனடாவில், பிரிட்டிஷ் கொலம்பியாவின் கெலோனாவில், 1960-களில் விஜ்சிக் என்பவரின் தோட்டத்து மெக்கின்டாஷ் ரக ஆப்பிள் மரத்தில் ஒரு கிளை மட்டும் வேறு மாதிரி வளர்ந்தது: தடித்த தண்டு, நெருங்கிய கணுக்கள், பக்கக் கிளைகளே அதிகம் இல்லை, தண்டை ஒட்டியே குட்டையான காய்க்கும் குச்சிகள். ஒட்டுக்கட்டினாலும் அப்படியே வந்தது. சாதாரண ரகத்தோடு கலந்தபோது கன்றுகளில் ஏறக்குறைய பாதி தூண்போல நின்றன, ஏனென்றால் அது ஓங்கு பண்பு (ஒரு பெற்றோரிடமிருந்து வந்தாலே வெளிப்படுவது), பத்தாவது குரோமோசோமில் இருக்கிறது. தாவும் மரபணுத் துண்டு ஒன்று அங்கே போய் நுழைந்ததால் பக்கத்து மரபணு ஒன்று தேவையில்லாத இடத்தில் வேலை செய்து, வளர்ச்சிக்கான ஜிப்ரலின் ஹார்மோனைக் குறைத்துவிடுகிறது. இங்கிலாந்தின் ஈஸ்ட் மாலிங் ஆராய்ச்சி நிலையம் இதைக் கொண்டுதான் போல்கா, வால்ட்ஸ், பொலேரோ முதலிய பாலரினா ரகங்களை உருவாக்கியது. காய்க்கும் வரை பல வருஷம் காத்திருக்க வேண்டியதில்லை, இளங்கன்றிலேயே வாகு தெரிந்துவிடும் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். பழத்தின் சுவைக்கு அந்த வசதி கிடையாது. ஒரு வருஷம் அள்ளிக் காய்த்து மறுவருஷம் ஓய்ந்துவிடும் குணமும் இந்த மரங்களில் நிறைய, அதையும் சேர்த்துத்தான் தேர்வு செய்ய வேண்டியிருக்கிறது.

'வாகு' இருந்தால் மற்றவை தாமாக வந்துவிடும்: தூண்வாகு, படர்வாகு, தொங்குவாகு. கவாத்தால் வருவதற்கு 'வடிவம்' என்பதையே வைத்துக்கொள்ளலாம். பிரான்சின் பழமர ஆய்வாளர் லெஸ்பினாஸ் ஆப்பிளை நான்கு வகையாகப் பிரித்தது இந்த வாகையும் காய்ப்பையும் சேர்த்துப் பார்த்துத்தான். அதில் கிரானி ஸ்மித் போலக் கிளை நுனியில் காய்ப்பதை 'நுனிக்காய்ப்பு' என்றால் யாருக்கும் புரியும்.

இன்னும் முடிவாகாதது, தண்டை ஒட்டிக் காய்க்கும் என்றேனே, அந்தக் குட்டைக் குச்சிக்கான (spur) பெயர். 'குறுங்கிளை' என்று எழுதியிருந்தீர்கள், ஆனால் அதில் காய்ப்பு வரவில்லை. 'காய்க்குச்சி' எப்படி? தோட்ட வேலை தெரிந்தவர்கள் சொல்லுங்கள், அப்புறம் பட்டியலில் ஏற்றலாம்.