டை (ஒரே சுரத்தை நீட்டும் வளைகோடு) போட்டும் சுரம் மறுபடி ஒலிக்கிறது, யாருக்காவது காரணம் தெரியுமா?

வணக்கம் நண்பர்களே. சமூக மன்றத்தில் எங்கள் சேர்ந்திசைக் குழுவின் தீபாவளிப் பாட்டை நான்கு குரல்களுக்காகக் கணினியில் இசைக்குறிப்பாக எழுதிக்கொண்டிருக்கிறேன். பாதிப் பேர் எம்ஆர்டி ரயிலில் போகும்போது அதிலிருந்து எடுத்த ஒலிக்கோப்பைக் கேட்டுத்தான் பயிற்சி செய்கிறார்கள். அது தப்பாக ஒலித்தால் பாட்டும் தப்பாகத்தான் வரும்.

சிக்கல் ஆல்டோவில் (பெண்களின் கீழ்க்குரல்). நான்காம் அடியில் தொடங்கும் சி ஷார்ப், அடுத்த பாரிலும் (தாளக் கட்டத்திலும்) இரண்டு அடி நீள வேண்டும். தாளில் வளைகோடு ஒழுங்காக இருக்கிறது. ஓடவிட்டால் பாரின் முதல் அடியில் சுரம் இன்னொரு முறை விழுகிறது. மிடி கோப்பாக எடுத்தாலும் இரண்டு தனிச் சுரங்கள்தான்.

போட்டிருப்பது வெவ்வேறு சுரங்களை இழைக்கும் ஸ்லர் அல்ல, டைதான். (இரண்டையும் ஒரே மாதிரி வரைய முடிவு செய்தவருக்கு ஒரு கும்பிடு!) ஒன்று சி ஷார்ப், மற்றது டி பிளாட் (அதே சுரத்தின் இன்னொரு பெயர்) என்றும் மாறி நிற்கவில்லை. சோப்ரானோவும் (மேல்குரல்) ஆல்டோவும் ஒரே ஸ்டாஃபில் (ஐந்து கோட்டு வரிசையில்), மென்பொருளில் ‘வாய்ஸ்’ எனப்படும் தனித்தனி அடுக்குகளில் இருக்கின்றன. முதல் சுரம் வாய்ஸ் ஒன்றிலும் அடுத்தது வாய்ஸ் இரண்டிலும் விழுந்திருக்கிறது. அதுதான் காரணமா? அப்படியென்றால், சுற்றியுள்ள ரெஸ்ட்டுகள் (மௌனக் குறிகள்) கலையாமல் ஒன்றை மட்டும் எப்படி மாற்றுவது?

அப்புறம் இன்னொன்று. ரிப்பீட்டில் (மறுபடி பாடும் பகுதி, ஒவ்வொரு முறைக்கும் தனி முடிவு) முதல் முடிவுக்குப் போகும் டை சரியாக ஒலிக்கிறது. இரண்டாம் முடிவுக்குத் தாவும்போது மட்டும் சுரம் புதிதாகத் தொடங்குகிறது. ரிப்பீட்டை விரித்து எழுதினால் தீரும், ஆனால் பக்கம் கூடினால் பியானோ அக்கா முறைப்பார்.

ஸ்கிரீன்ஷாட் வேண்டுமென்றால் கீழே போடுகிறேன். அங் மோ கியோ பக்கம் யாராவது நேரில் பார்த்துச் சொன்னால், கோப்பி என் கணக்கு.